சேலத்திலிருந்து ஒரு நகைச்சுவை மாலைக்கு: கோவையா, பெங்களூருவா, சென்னையா?

சேலத்தில் குடியிருப்பவர்களுக்கு வார இறுதிப் பயணத்தைத் திட்டமிடும்போது வசதியும் குழப்பமும் சேர்ந்தே வருகின்றன. தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஏறினால் கோயம்புத்தூர் ஏறத்தாழ 165 கி.மீ.; 44-இல் வடக்கே திரும்பினால் பெங்களூரு ஏறத்தாழ 200 கி.மீ.; ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னை ஏறத்தாழ 340 கி.மீ. மூன்று நகரங்களிலும் நகைச்சுவை மேடை உண்டு. பள்ளி விடுமுறைக்குள் குடும்பத்தோடு காரில் போய் ஒரு நிகழ்ச்சியை நேரில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தபோது, மூன்று ஊர்களுக்கும் ஆதரவாளர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் சபா நாடகம் (கலை மன்றங்களின் அரங்குகளில் நடக்கும் மேடை நாடகம்) என்றார்கள். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் பெங்களூருவில் ஸ்டாண்ட்-அப் என்றாள். இரண்டாம் வகுப்பு மகனுக்குக் காரில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும். மனைவியும் நானும் மாறி மாறி வண்டி ஓட்டுபவர்கள் என்பதால், நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் இரவைப் பற்றிய கவலை எங்களுக்கு.

ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலும் நாம் ஊரை முடிவு செய்துவிட்டு, அங்கே அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பிறகுதான் தேடுகிறோம். கிடைத்த நிகழ்ச்சி வீட்டில் பாதிப் பேருக்குப் பொருந்தாமல் போவது அதனால்தான். ஆறு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். அதற்கு எந்த வகை நிகழ்ச்சி இடம் கொடுக்கிறதோ, அதை நடத்தும் ஊரே முதல் வரிசைக்கு வரவேண்டும்.

தமிழில் இன்று குடும்பத்தோடு நேரில் பார்க்கக் கிடைக்கும் நகைச்சுவையில் முக்கியமானவை இரண்டு வகை. முதலாவது சபா நாடகம். இதற்குச் சென்னையில் நீண்ட மரபு இருக்கிறது. ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் 1952-இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு, பார்த்தசாரதியின் மகன் ஒய்.ஜி. மகேந்திரனின் கையில் தொடர்ந்தது, 1979-இல் உருவான கிரேஸி கிரியேஷன்ஸ், கிரேஸி மோகன் 2019 ஜூனில் மறைந்த பிறகும் அவருடைய தம்பி மாது பாலாஜியோடு அதே நாடகங்களை மேடையேற்றி வருகிறது, எஸ்.வி. சேகரின் நாடகப்ரியாவைத் தொலைக்காட்சியும் ஒலிநாடாவும் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தன. இந்த நாடகங்களின் அமைப்பு ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு வீட்டுக் கூடம், இரண்டு மூன்று வாசல்கள், ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்றச் சொல்லப்படும் அடுத்த பொய், ஆள்மாறாட்டம், சொல்லுக்குச் சொல் சிலேடை. மொத்தம் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

குடும்பத்துக்கு இந்த வகை ஏன் பொருந்துகிறது என்றால், சிரிப்பு ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. மறைந்திருக்க வேண்டியவர் தவறான கதவைத் திறந்துகொண்டு வரும்போது ஏழு வயதுப் பையன் சிரிக்கிறான். அந்த நேரத்தில் அவர் சொல்லும் சாக்கில் இருக்கும் சிலேடைக்குத் தாத்தா சிரிக்கிறார். மாட்டிக்கொண்ட கணவனின் விழிப்புக்கு நடுவயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆபாசம் இல்லை என்பதை இந்தக் குழுக்கள் தங்கள் கௌரவமாகவே கருதி வந்திருக்கின்றன. மகளுக்கு இது பழைய பாணியாகத் தோன்றலாம். சில நாடகங்களில் மாமியார், மருமகள் பற்றிய துணுக்குகள் காலத்தால் பின்தங்கியிருப்பதும் உண்மைதான். ஆனாலும் நேரில் பார்க்கும்போது நடிகர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தை எடுக்கும் அந்த நிதானத்தை அவளும் ரசிப்பாள் என்றே நம்புகிறேன். காணொளியில் அந்த இடைவெளி தொய்வாகத் தெரியும்; அரங்கில் அதுதான் உயிர்.

நாடகத்துக்கு ஒரு குறை உண்டு. அதைக் காது கேட்கும் கருவி அணிந்த என் அப்பாவை வைத்துத்தான் யோசிக்கிறேன். பல அரங்குகளில் நடிகர்களின் குரலை மேடை விளிம்பிலும் மேலே தொங்கவிட்டும் வைத்திருக்கும் மைக்குகள்தான் வாங்குகின்றன. நடிகர் மைக்கை விட்டு விலகி மேடையின் பின்பக்கம் போய்ப் பேசினால் குரல் சன்னமாகிவிடும். நகைச்சுவை நாடகத்தில் ஒரு சிரிப்பின் வாலிலேயே அடுத்த வெடி வந்துவிடுவதால், பின்வரிசையில் இருப்பவர்கள் அடுத்தவர் சிரிப்பில் வசனத்தைத் தொலைத்துவிட்டு, ‘என்ன சொன்னான்?’ என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சபாக்களில் முன்வரிசைகள் உறுப்பினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒதுக்கப்படுவது வழக்கம். எனவே பொதுமக்களுக்குக் கிடைப்பதில் மிக முன்னால் உள்ள வரிசையை, விலை சற்றுக் கூடுதலானாலும், முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். முதியவர்கள் உள்ள குடும்பத்துக்கு இது ஆடம்பரச் செலவு ஆகாது.

இரண்டாவது வகையான ஸ்டாண்ட்-அப்பில் ஒரு மனிதர், ஒரு மைக், 60 முதல் 90 நிமிடம். ஒலி தெளிவாக இருக்கும். சொல்லும் விஷயம் இன்றையதாக இருக்கும். வேலை, காதல், கல்யாணம், பெற்றோர், அடுக்குமாடிச் சங்கம் என்று மகளுக்குத் தெரிந்த உலகம் அங்கே இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் பாதிக்குப் பாதி கலந்து ஓடும் பேச்சை அம்மாவால் முழுவதும் பின்தொடர முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது இன்னொன்று. பல நிகழ்ச்சிகளுக்கு 16 அல்லது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று டிக்கெட் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அந்த வரம்பு இல்லாத நிகழ்ச்சியிலும் படுக்கையறைப் பேச்சு ஓரிரண்டு இடத்தில் வந்துவிடும். அப்போது தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பெண் சிரிக்கவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது. தோழிகளோடு போயிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருக்கக்கூடிய ஒரு மாலையை நாம் அவளுக்கு இறுக்கமாக்கிவிடுவோம். முன்வரிசையில் இருப்பவர்களிடம் பெயர், ஊர், வேலை கேட்டு அதையே நகைச்சுவையாக்குவதும் இந்தக் கலையின் ஒரு பகுதி. கூச்ச சுபாவம் உள்ள பெரியவர்களை அங்கே உட்காரவைப்பது கூடாது.

இதில் ஒரு விதிவிலக்கை மனமாரச் சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் பாபு போன்றவர்கள் பாட்டையும் பேச்சையும் கலந்து நடத்தும் நிகழ்ச்சி, ஸ்டாண்ட்-அப்பின் புதுமையையும் சபா நாடகத்தின் வயது வரம்பற்ற இயல்பையும் சேர்த்துக் கொடுக்கிறது. பழைய திரைப்பாடலை ஒருவர் பாடிக்காட்டி, அதன் மெட்டிலும் பாடகரின் குரல் பாணியிலும் இருக்கும் வேடிக்கையை எடுத்துக்காட்டும்போது, அந்தப் பாட்டை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குத்தான் சிரிப்பு முதலில் வரும். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா விளக்கம் சொல்லும் அரிய வாய்ப்பு அது. இத்தகைய நிகழ்ச்சி எந்த ஊருக்கு வந்தாலும், நாடகத்துக்கு இணையாக வைத்து யோசிக்கலாம்.

இனி ஊர்களுக்கு வருகிறேன். கோவை, சாலையைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விடச் சுலபம். சங்ககிரி, குமாரபாளையத்துக்கு அப்பால் காவிரிப் பாலம், பெருந்துறை, விஜயமங்கலம், அவிநாசி என்று நான்குவழியில் தொடங்கி, செங்கப்பள்ளிக்குப் பிறகு ஆறுவழியில் முடியும் பாதை. நடுவில் ஒரு காபிக்கு நிறுத்தினாலும் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முன்பு நகருக்குள் அவிநாசி சாலையின் சிக்னல்களில்தான் பொறுமை கரையும். 2025 அக்டோபரில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கி.மீ. நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கடைசிப் பகுதி வெகுவாகச் சுருங்கிவிட்டது. நிகழ்ச்சி நேரத்தைக் குறிவைத்துப் புறப்படுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சென்னை நாடகக் குழுக்கள் வரும்போது கிக்கானி பள்ளி அரங்கம் போன்ற இடங்களில் நடத்துகிறார்கள். ஸ்டாண்ட்-அப் கலைஞர்களின் தமிழ்ச் சுற்றுப்பயணங்களிலும் கோவை தவறாமல் இடம்பெறுகிறது. பிரபலமானவர்கள் ஒரே நாளில் இரண்டு காட்சிகள் வைப்பதும் உண்டு. மூன்று, நான்கு மணிக் காட்சி கிடைத்தால் தங்காமலேயே திரும்பிவிடலாம்.

கோவையின் குறை, நாம் விரும்பும் வாரத்தில் நாம் விரும்பும் நிகழ்ச்சி இருக்கும் என்ற உறுதி இல்லாததே. மொத்தப் பயணமும் ஒரே ஒரு நிகழ்ச்சியை நம்பி நிற்கிறது. அது தள்ளிப்போனால் மாற்றாக அதே மாலையில் இன்னொரு நகைச்சுவை கிடைப்பது அரிது. கோவைக்குப் போவதென்றால் நாளை நாம் குறிக்கக் கூடாது. நிகழ்ச்சி அறிவிக்கப்படும் நாளே நம் நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரு, தூரத்தில் கோவைக்கு அருகில் இருந்தாலும் களைப்பில் சென்னைக்கு அருகில் இருக்கிறது. கிருஷ்ணகிரி வரை ஓட்டுவது சுகமான வேலை. ஓசூருக்குப் பிறகு, குறிப்பாக அத்திப்பள்ளியைத் தாண்டியதும், கடைசி 30 கி.மீ. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது அதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டுவிட்டதால், எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்திலேயே அறை எடுத்துக் காரை விட்டுவிட்டு, ஊருக்குள் மெட்ரோவில் போய்வரலாம். ஜே.பி. நகரில் 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா அரங்கில் நாடகம் என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே தாமதமாக வருபவர்களை உள்ளே விடுவதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டேன் என்ற சமாதானம் செல்லாது. வாடகைக் கார் எடுப்பவர்கள் கர்நாடகத்துக்குள் நுழையும் பெர்மிட் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொந்தக் காருக்கு அது இல்லை.

ஆனால் பெங்களூருவை எங்கள் பட்டியலில் கீழே இறக்குவது போக்குவரத்து இல்லை, மொழி. அங்கே நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் நடப்பவை. தமிழ் நிகழ்ச்சி வராமல் இல்லை, ஆனால் அதற்காகத் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவானேன் என்ற கேள்வி வருகிறது. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, அவளும் நாங்கள் இருவரும் மட்டும் போகும் ஒரு பயணத்துக்குப் பெங்களூரு மிகப் பொருத்தமான ஊர். அப்பா அம்மாவை 200 கி.மீ. அழைத்துப்போய்ப் புரியாத மொழியில் உட்காரவைப்பதற்கு எனக்கு மனம் இல்லை.

சென்னைக்குத் தூரம்தான் முதல் தடை. உளுந்தூர்ப்பேட்டை வழி என்றாலும், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் சுற்றிப் போனாலும், முதியவர்களுக்கான நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே யதார்த்தம். ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கம் புறவழிச்சாலைகள் இருவழியாகவே அமைக்கப்பட்டவை என்பதால், நான்குவழியில் வந்த வேகத்தோடு அவற்றில் நுழைவது ஆபத்து. எதிரே வரும் பேருந்துக்கும் நமக்கும் நடுவில் தடுப்பு இருக்காது. திண்டிவனத்துக்குப் பிறகு சாலையோரம் வரிசையாக வரும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் பெரியவர்களுக்கு ஆறுதல்.

வார இறுதியின் ஓட்டம் நமக்குச் சாதகமாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னைவாசிகள் வெள்ளி இரவு ஊரை விட்டு வெளியேறி ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். பரனூர் சுங்கச்சாவடியும் பெருங்களத்தூரும் திணறுவது அந்த நேரங்களில்தான். சனிக்கிழமை விடியற்காலை சேலத்தில் புறப்பட்டு, ஞாயிறு காலை சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பம் இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. ஞாயிறு மாலை நாடகத்துக்கு டிக்கெட் எளிதாகக் கிடைத்தாலும், இந்தக் காரணத்துக்காகவே சனிக்கிழமை மாலைக் காட்சியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னைக்கு வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு வளம் இருக்கிறது: தேர்வு. நாரத கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் ஆகியவை ஒன்றுக்கொன்று சில கி.மீ. தூரத்துக்குள் இருக்கின்றன. ஒன்றில் நிகழ்ச்சி ரத்தானாலும் இன்னொன்றில் ஏதேனும் இருக்க வாய்ப்பு அதிகம். கோடை விடுமுறையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் பல குழுக்கள் புதிய நாடகங்களை அரங்கேற்றுகின்றன. எல்லாமே நகைச்சுவை என்று சொல்ல முடியாது, நிகழ்ச்சி நிரலைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை இதே அரங்குகளை இசை விழா எடுத்துக்கொள்வதால், நாடகத்துக்காகவே வருபவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நலம். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளில் மெட்ரோ பணிகளால் சாலைகள் அடிக்கடி திசை மாற்றப்படுகின்றன. அரங்கின் வாசல் வரை காரில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், நடந்தோ ஆட்டோவிலோ போகும் தூரத்தில் அறை எடுப்பது நல்லது.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காரில், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கொண்டால், போய்வரக் கோவைக்கு ஏறத்தாழ 2,200 ரூபாய், பெங்களூருவுக்கு 2,700, சென்னைக்கு 4,600. சொந்தக் காருக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் எடுத்தவர்கள் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. ஆறு பேருக்கு இரண்டு அறைகளும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேரும்போது, பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் தொகை சிறியதாகிவிடும். அப்பா அம்மாவுக்கு உட்கார்ந்து வருவது சிரமம் என்றால், 2023 ஏப்ரல் முதல் சேலத்தில் நின்று செல்லும் கோவை–சென்னை வந்தே பாரத்தில் அவர்களோடு ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் காரில் போகலாம். சேர்ந்து போகும் மகிழ்ச்சி பாதியாகும் என்பதால் அதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் மூன்று மணி நேரம். ஒன்பது மணிக்கு அரங்கை விட்டு வெளியே வந்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு வண்டியை எடுத்தால், பெங்களூருவிலிருந்து திரும்புபவர்கள் நள்ளிரவைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிய அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து நேர்ந்த விபத்துகளை இந்தப் பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். கோவைப் பாதை சமதளம்தான். ஆனாலும் சங்ககிரி சுற்றுவட்டாரத்தில் விளக்கில்லாமல் சாலையோரம் நிறுத்தப்பட்டிருக்கும் லாரிகள் தூக்கக் கலக்கத்தில் உள்ள கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னிருக்கையில் நான்கு பேரும் தூங்கிவிட, ஓட்டுபவர் மட்டும் விழித்திருக்கும் நேரம் அது. பிற்பகல் காட்சியாக இல்லாதவரை எந்த ஊராக இருந்தாலும் அன்றிரவு அங்கேயே தங்குவது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அறைக்குக் கொடுக்கும் பணத்தை நிகழ்ச்சி டிக்கெட்டின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் வந்திருக்கும் முடிவு இது. கோடை விடுமுறை முடிவதற்குள் சபா நாடகக் குழுவோ பாட்டோடு கூடிய நகைச்சுவையோ கோவைக்கு வருமானால், அதுவே முதல் தேர்வு. சனிக்கிழமை காலை நிதானமாகப் புறப்பட்டு, அங்கே தங்கி, ஞாயிறு காலை திரும்பும் வழியில் அவிநாசிக் கோயிலுக்குப் போகலாம். முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட தலம் என்று அம்மா அங்கே போக வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மே முதல் வாரம் வரை கோவையில் எதுவும் அறிவிக்கப்படாவிட்டால், தூரத்தைப் பொருட்படுத்தாமல் சென்னைக்குப் போய்விடுவது. போகும் வழியில் உளுந்தூர்ப்பேட்டையில் அரை மணி நேரம் எல்லாரையும் இறக்கி நடக்கவைப்பது. நாடகத்துக்கு முன் பெரியவர்கள் இரண்டு மணி நேரமாவது படுத்து எழும்படி நேரத்தை அமைப்பது. மகளுக்கு இந்த முறை அவள் கேட்டது கிடைக்கவில்லை என்பதால், நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவளிடமே கொடுத்திருக்கிறோம். குழுக்களின் பழைய காட்சித் துணுக்குகளைப் பார்த்துத் தாத்தாவோடு சேர்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

டிக்கெட் வாங்கியதும் செய்ய வேண்டியவை இரண்டு. சிறுவர்களுக்குத் தனி இருக்கை வேண்டுமா, வயது வரம்பு உண்டா என்பதை அரங்கிடம் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ள வேண்டும்; ஏழு வயதுப் பையனை வாசலில் நிறுத்தினால் ஒரு பெரியவரும் அவனோடு வெளியே நிற்க வேண்டியிருக்கும். புறப்படும் நாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், நிகழ்ச்சி குறித்தபடி நடக்கிறதா என்று இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும். நடிகர் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் நாடகம் தள்ளிப்போவது இயல்பு. அந்தச் செய்தி சங்ககிரியைத் தாண்டிய பிறகு கிடைப்பதைவிட, வீட்டு வாசலிலேயே கிடைப்பது மேல்.